பெரிய கார் பார்க்கப் போனோம்!

எங்கள் வீட்டுச் சின்னக் காருக்கு வயது 11. பாவம், இத்தனை வருஷம் முகம் சுளிக்காமல் உழைத்தது. ஆனால் போன வருஷத்திலிருந்து என் மாமியாருக்கு இரண்டு முழங்கால்களிலும் வலி அதிகமாகிவிட்டது. வாரத்தில் இரண்டு நாள் பிசியோதெரபிக்கு அழைத்துப் போகிறேன். அந்தத் தாழ்வான ஸீட்டிலிருந்து அவர் எழுந்து வெளியே வருவதற்குள் எனக்கே கண் கலங்கிவிடும். "ஏங்கண்ணு, கெணத்துக்குள்ள இருந்து ஏறி வர்றாப்பல இருக்குது" என்பார்.

சரி, உயரமான வண்டி ஒன்று வாங்கிவிடலாம் என்று பேச்சு ஆரம்பித்தது. எஸ்.யு.வி. என்கிறார்களே, அது. பையனுக்குத் தலைகால் புரியவில்லை. மேல் கூரையில் கண்ணாடி திறக்கிற வண்டிதான் வேண்டும் என்று படம் படமாகக் காட்ட ஆரம்பித்துவிட்டான். எனக்கோ வயிற்றில் புளி கரைத்தது. மகள் பிளஸ் டூ படிக்கிறாள். அவள் கல்லூரிக்கென்று பாங்க்கில் 4 லட்சம் டெபாசிட் போட்டு வைத்திருக்கிறோம். இவர் வேலை பார்க்கும் பம்ப்செட் கம்பெனியில் இரண்டு வருஷமாக ஆர்டர் சுமார்தான். இந்த நிலையில் கார் வாங்கி, அந்த டெபாசிட்டில் கை வைக்கும்படி ஆகிவிட்டால்?

முதலில் வண்டியைப் பார்த்த கதையைச் சொல்லிவிடுகிறேன். பணக் கதை அப்புறம்.

ஷோரூமில் இருந்த தம்பி மிக மரியாதையாகச் சாவியை இவரிடம் நீட்டினார். "ஓட்டப் போறது நான்தாங்க தம்பி" என்றேன். இவர் ஆபீசுக்கு ஸ்கூட்டரில் போகிறவர். ஸ்கூல், ஆஸ்பத்திரி, மார்க்கெட், கல்யாணம் என்று கார் ஓட்டுவது நான்தான். 41 வயதில் லைசென்ஸ் எடுத்தேன். வண்டியைத் தினமும் யார் ஓட்டப் போகிறார்களோ அவர்கள்தான் ஓட்டிப் பார்க்க வேண்டும், இல்லையா? நான் 5 அடிதான். டிரைவர் ஸீட்டை உயர்த்துகிற வசதி இல்லாவிட்டால் என் கண்ணுக்கு ஸ்டியரிங்தான் தெரியும், ரோடு தெரியாது.

அன்றைக்கு நான் வேண்டுமென்றே புடவைதான் கட்டிக்கொண்டு போனேன். அத்தையையும் கூட்டிப் போனேன். தம்பிக்கு ஆச்சரியம். "பாட்டிக்கு எதுக்குங்க மேடம் சிரமம்?" என்றார். அந்தப் பாட்டிக்காகத்தானே வண்டியே!

முதலில் பார்த்தது பெரிய வண்டி, 4 மீட்டருக்கு மேல் நீளம். பார்க்க யானை மாதிரி கம்பீரம். ஆனால் அத்தை ஒரு காலைத் தூக்கி உள்ளே வைக்க முயன்றார், முடியவில்லை. புடவைக் கொசுவம் வேறு தடுக்கிறது. பிடித்து ஏறக் கைப்பிடி இருந்தும் முழங்கால் மடங்க வேண்டுமே! கடைசியில் நானும் தம்பியும் சேர்ந்து தாங்கித்தான் ஏற்றினோம். உயரமான வண்டி என்றால் முழங்காலுக்கு நல்லது என்று நினைத்திருந்தேன். அது பாதிதான் சரி. தாழ்ந்தாலும் கஷ்டம், ரொம்ப உயர்ந்தாலும் கஷ்டம். நின்றபடியே இடுப்பை ஸீட்டில் வைத்து, அப்படியே திரும்பிக் காலை உள்ளே எடுத்துக்கொள்கிற உயரம்தான் சௌகரியம்.

அடுத்து 4 மீட்டருக்குள் அடங்குகிற சின்ன எஸ்.யு.வி. அத்தை பக்கவாட்டில் திரும்பி நின்றார், உட்கார்ந்தார், காலை உள்ளே இழுத்துக்கொண்டார். "இது நம்ம திண்ணையாட்டம் இருக்குது கண்ணு!" என்றார். எனக்கு அப்போதே பாதி முடிவாகிவிட்டது.

தம்பி வழக்கம்போல மெயின் ரோட்டில் இரண்டு கிலோமீட்டர் போய்த் திரும்பலாம் என்றார். சமதளத்தில் நேராகப் போனால் எந்த வண்டியும்தான் நன்றாக இருக்கும்! நாங்கள் இருப்பது வடவள்ளி. மாசம் ஒரு தடவையாவது மருதமலைக்குப் போவோம். அதனால் மலைப்பாதையில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சம்மதித்தார். ஏஸியைப் போட்டு, நாலு பேரும் உட்கார்ந்து ஏறினோம். கிளட்ச் மிதிக்க வேண்டாத வண்டிகளில் விலை குறைவான ஏ.எம்.டி. வகை ஒன்று இருக்கிறது. அது கியர் மாற்றும்போது ஒரு சின்னத் தயக்கம் காட்டி, தலையை முன்னால் ஆட்டிவிடுகிறது. சமதளத்தில் பழகிவிடும். ஏற்றத்தில், எதிரே பஸ் வருகிறபோது அந்தத் தயக்கம் எனக்குப் பயமாக இருந்தது. சாதா கியர் வண்டியில் ஏற்றத்தில் நிறுத்தி எடுத்துப் பார்த்தேன். பிரேக்கிலிருந்து காலை எடுத்த பிறகும் இரண்டு மூன்று விநாடி வண்டி பின்னால் உருளாமல் தானே பிடித்துக்கொள்கிற வசதி இருந்தது. அது போதும் எனக்கு.

இன்னொன்று. ஓட்டிப் பார்க்கக் கொடுக்கிற வண்டி பெரும்பாலும் அந்த ரகத்திலேயே விலை உயர்ந்ததாக இருக்கும். அதே என்ஜின், அதே கியர் உள்ள வண்டி நாம் வாங்கப்போகிற விலையிலும் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒன்றை ஓட்டிவிட்டு வேறொன்றை வாங்குவோம்.

மறுநாள் வண்டியை வீட்டுக்கே கொண்டுவரச் சொன்னேன். கொண்டுவந்து காட்டுகிறார்கள், கேட்க வேண்டியதுதான். டேப்பை எடுத்து வாசல் கேட்டை அளந்தேன். வண்டி அகலம் 6 அடிக்குச் சற்றுக் குறைவு, இரண்டு பக்கக் கண்ணாடிகள் தனி. எங்கள் கேட் 8 அடி. தப்பித்தோம். அப்புறம் நான் செய்த காரியத்தைப் பார்த்து இவர் சிரித்தார். பிளாஸ்டிக் குடம் ஒன்றை வண்டிக்கு முன்னால் வைத்துவிட்டு டிரைவர் ஸீட்டில் ஏறி உட்கார்ந்தேன். குடம் தெரியவே இல்லை! பையனை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி வைக்கச் சொன்னேன். ஏழெட்டு அடி போன பிறகுதான் அதன் வாய் தெரிந்தது. தவழ்கிற குழந்தை இருக்கிற வீட்டில் இதை நினைத்துப் பாருங்கள். பானெட் உயர உயர முன்னால் கண்ணுக்குப் படாத இடமும் அதிகம். பின்பக்கம் பார்க்கக் காமிரா வைக்கிறார்கள், முன்பக்கத்துக்கு நம் கண்தான். அன்றிலிருந்து கேட்டைத் திறந்து, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்த பிறகுதான் ஸ்டார்ட் செய்கிறேன்.

குழந்தை உள்ளவர்கள் பின் ஸீட்டில் 'ஐஸோஃபிக்ஸ்' கொக்கி இருக்கிறதா, நடு ஸீட்டுக்கும் தோளைச் சேர்த்துப் பிடிக்கிற பெல்ட் இருக்கிறதா என்று கையால் தொட்டே பார்த்துவிடுங்கள். மோதல் சோதனை நடத்தி நட்சத்திரம் கொடுக்கும் 'பாரத் என்கேப்' முறை நம் நாட்டில் 2023 அக்டோபரில் வந்தது. பெரியவர்களுக்குத் தனியாக, குழந்தைகளுக்குத் தனியாக மதிப்பெண் உண்டு. இரண்டாவதையும் கேளுங்கள்.

இனி பணம். 4 மீட்டருக்குள் இருந்து, பெட்ரோல் என்ஜின் 1200 சி.சி.க்குள் (டீசல் என்றால் 1500) அடங்கினால் 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம். அதைவிடப் பெரிய எஸ்.யு.வி.க்கு 40 சதவீதம்! அதோடு நம் தமிழ்நாட்டில் ஆயுள் வரி இருக்கிறது. 2023 நவம்பரில் மாற்றியபடி, 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை விலையுள்ள காருக்கு 13 சதவீதம். 10 லட்சத்தைத் தாண்டினால் 20 லட்சம் வரை 18 சதவீதம். பையன் கேட்ட கூரைக் கண்ணாடி வண்டி 10,30,000. வரி மட்டும் 1,85,400. நாங்கள் பார்த்து வைத்த, கூரை திறக்காத அதே வண்டி 8,60,000. வரி 1,11,800. இந்தக் கணக்கைக் காட்டியதும் பையன் வாய் அடைத்தது, முகம் மட்டும் ஒரு வாரம் தூக்கியே இருந்தது. ஆறு ஏர் பேக் இரண்டிலும் இருந்ததால் எனக்கு மனசாட்சி உறுத்தவில்லை.

வரி, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்து 10,15,000. பழைய வண்டிக்கு 1,10,000 கிடைக்கும், என் சீட்டுப் பணம் 1,50,000, இவர் போனஸ் 55,000. ஆக 3,15,000 கையில். மீதி 7 லட்சம் கடன். 9 சதவீத வட்டியில் 5 வருஷத்துக்கு மாதத் தவணை 14,531.

அப்போதுதான் தம்பி, "கையில இருக்கிற பணத்தை ஏன் சார் போடறீங்க? லீஸுக்கு எடுத்துக்குங்க" என்றார். முன்பணம் கிடையாது. மாதம் 21,900, 5 வருஷம். இன்ஷூரன்ஸ், சர்வீஸ், டயர் எல்லாம் அதிலேயே அடக்கம். இவருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டார். லீஸ் என்றால் மொத்தம் 13,14,000. சொந்தமாக வாங்கினால் கைப்பணம் 3,15,000, தவணை 8,71,860, அஞ்சு வருஷத்துக்கு இன்ஷூரன்ஸ் புதுப்பிக்க, சர்வீஸ், டயர், பேட்டரி என்று 1,87,000. ஆக 13,73,860. "பாத்தியா, லீஸ்தான் 60,000 மிச்சம்! கைப்பணமும் பாங்க்குலயே இருக்கும், பாப்பா படிப்புக்கு ஆச்சு" என்றார். எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. மகள் ஃபீஸ் என்று சொன்னால் எந்தத் தாய்க்குத்தான் மனசு அசையாது?

கட்டிலில் படுத்திருந்த அத்தை கேட்டார்: "லீஸுன்னா போக்கியந்தானே? முடிஞ்சதும் பணத்தைத் திருப்பிக் குடுத்துப்போடுவாங்கல்ல?"

நம் ஊரில் வீட்டை லீஸுக்கு எடுத்தால் அப்படித்தானே! மொத்தமாகக் கொடுத்த பணம், காலி செய்யும்போது முழுசாக வந்துவிடும். காரில் அப்படி இல்லை, மாதா மாதம் கட்டுவது வாடகை, வராது என்று இவர் விளக்கினார். "அப்ப வண்டியாச்சும் நம்மகிட்ட இருக்குமா?" என்றார். இல்லை, அதையும் திருப்பி விட்டுவிட வேண்டும். "அப்பறம் எங்களை நடந்து போகச் சொல்றியா?" என்று கேட்டுவிட்டு அத்தை திரும்பிப் படுத்துக்கொண்டார். நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

கணக்கில் நாங்கள் விட்டது அதைத்தான். அஞ்சு வருஷம் கழித்து அந்த வண்டிக்கு என்ன விலை கிடைக்கும் என்று பழைய கார் விற்கும் கடையில் விசாரித்தேன். நல்லபடியாக வைத்திருந்தால் நாலரை லட்சம் என்றார்கள். அதைக் கழித்தால் சொந்த வண்டிச் செலவு 9,23,860. கைப்பணம் பாங்க்கில் இருந்தால் வந்திருக்கும் வட்டி என்று தாராளமாக ஒரு லட்சம் சேர்த்தாலும் 10,23,860. லீஸைவிட 2,90,000 குறைவு. நாங்களோ 5 வருஷத்தில் வண்டியை விற்கிற ரகமே இல்லை. பழைய வண்டியை 11 வருஷம் ஓட்டினோமே! ஆறாவது வருஷத்திலிருந்து தவணையும் இல்லை.

லீஸ் பத்திரத்தையும் வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு வரி விடாமல் படித்தேன். வண்டி அவர்கள் பெயரில்தான் இருக்கும். வருஷம் 12,000 கிலோமீட்டர் வரைதான், மேலே ஓடினால் கிலோமீட்டருக்கு 9 ரூபாய். நாங்கள் ஓட்டுவது 7,000 கூட வராது. குறைவாக ஓட்டினால் பணம் குறையுமா என்றேன். அது கிடையாதாம்! திருப்பிக் கொடுக்கும்போது கீறல், நசுங்கலுக்குத் தனிப் பணம். முதல் 2 வருஷம் விடவே முடியாது, அதற்கப்புறம் நடுவில் விட்டால் 3 மாத வாடகை அபராதம். இவர் கம்பெனி நிலைமையை நினைத்தபோது எனக்கு இதுதான் பெரிய பயமாக இருந்தது. சொந்த வண்டி என்றால், கஷ்டம் வந்தால் விற்றுக் கடனை அடைத்துவிட்டு ஸ்கூட்டரில் போகலாம். முன்கூட்டி அடைத்தால் எவ்வளவு கட்டணம் என்று பாங்க்கில் முதலிலேயே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொண்டேன்.

லீஸே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஓசூரில் என் தங்கை வீட்டில் லீஸ் வண்டிதான். அவள் கணவருக்கு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றல். கம்பெனி மூலமாக எடுத்திருப்பதால் வாடகை, வருமான வரி கணக்கிடும் முன்பே சம்பளத்தில் கழிந்துவிடுகிறது. கார் வசதிக்கென்று ஒரு சிறு தொகைக்குத்தான் வரி. பழசை விற்கிற தலைவலியும் இல்லை. அவர்களுக்கு அது சரி. கைப்பணமும் இல்லாமல், கம்பெனி மூலமும் இல்லாமல் எடுக்கிறவர்கள்தான் அந்த மாத வாடகையோடு, 'முடிந்த பிறகு என்ன?' என்பதையும் ஒரு ரஃப் நோட்டில் எழுதிப் பார்க்க வேண்டும்.

மகள் டெபாசிட்டைத் தொடவில்லை. வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்து வண்டி வந்தது. மருதமலையில் பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கிக் கிளம்பினோம். அத்தைக்கு ஏறி இறங்க இருக்கட்டும் என்று ஒரு மர ஸ்டூல் வாங்கி டிக்கியில் போட்டிருந்தேன். திங்கட்கிழமை பிசியோதெரபிக்குப் போனபோது, நான் சாவியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் சுற்றி வருவதற்குள் அத்தை தானே இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். ஸ்டூல் இன்னும் டிக்கியிலேயேதான் கிடக்கிறது.