மிச்சமான அந்த ஒரு வேளைச் சோறு யாருக்கு?

சாம்பல் புதன் வந்துவிட்டால் பல கிறிஸ்தவ வீடுகளில் சமையலறையின் வாசனையே மாறிவிடும். கறிக்கடைக்குக் கொண்டுபோகும் பை ஆணியில் தொங்கும். கல்யாணம், புதுமனைப் புகுவிழா எல்லாம் ஈஸ்டர் கழிந்துதான். சில வீடுகளில் பெண்கள் பூக்கூட வைத்துக்கொள்ள மாட்டார்கள். வருடம் முழுக்க சிகரெட்டை விட முடியாத ஆண்கள், இந்த 40 நாள்கள் மட்டும் எப்படியோ விட்டுவிடுவார்கள்.

காலண்டரில் எண்ணிப் பார்த்தால் சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை வரை 46 நாள்கள் வரும். ஞாயிற்றுக்கிழமை இயேசு உயிர்த்தெழுந்த நாள் என்பதால் அன்று நோன்பு இல்லை. ஆறு ஞாயிறுகளைக் கழித்தால் 40. பாலைவனத்தில் இயேசு உண்ணாமல் இருந்த நாள்களின் கணக்கு அது.

கத்தோலிக்கர்களுக்கு இது தவக்காலம், சி.எஸ்.ஐ. சபையாருக்கு லெந்து காலம். ஒருவர் ‘நோன்பு, செபம்’ என்பார். இன்னொருவர் ‘உபவாசம், ஜெபம்’ என்பார். பெந்தெகொஸ்தே சபைகளில் இதற்கென்று தனிப் பருவம் கிடையாது. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் வருடம் முழுக்க நடக்கும். காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்துக் கிளம்பி வரும் அம்மாக்கள்தான் அங்கே அதிகம்.

எதற்காக வருகிறார்கள்? பையனுக்கு வேலை கிடைக்க வேண்டும். மகளுக்கு வரன் அமைய வேண்டும். வீட்டுக்காரர் குடியை விட வேண்டும். இதில் தவறு சொல்ல ஒன்றுமில்லை. குழந்தை இல்லாத அன்னாள் சாப்பிடாமல் அழுதுதான் ஆலயத்தில் மன்றாடினாள். தன் இனத்தாரின் உயிரைக் காக்க ராஜாவிடம் போவதற்கு முன் எஸ்தர் மூன்று நாள் பட்டினி கிடந்தாள். இரண்டு பேருக்கும் கேட்டது கிடைத்தது. பிரசங்கங்களில் இந்த இருவரும் அடிக்கடி வருவார்கள்.

அவ்வளவாகப் பேசப்படாத ஒரு கதையும் பைபிளில் உண்டு. தாவீது ராஜாவின் குழந்தை நோயில் விழுந்தது. தாவீது தரையில் கிடந்து உபவாசித்தார். வீட்டுப் பெரியவர்கள் எழுப்பிப் பார்த்தும் எழவில்லை. ஒரு வாய் சாப்பிடவில்லை. ஏழாம் நாள் குழந்தை இறந்துபோனது. அதை ராஜாவிடம் எப்படிச் சொல்வது என்று வேலைக்காரர்கள் பயந்தார்கள். ஆனால், விஷயம் தெரிந்ததும் அவர் எழுந்து குளித்து, உடை மாற்றி, ஆலயத்துக்குப் போய்த் தொழுதுவிட்டு வந்து சாப்பாடு கேட்டார். குழந்தை உயிரோடு இருந்தவரை, கடவுள் இரங்கக்கூடும் என்று உபவாசித்தேன். இனி உபவாசித்து என்ன பயன் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம்.

‘நீ சரியாக உபவாசிக்கவில்லை, அதனால்தான் ஜெபம் கேட்கப்படவில்லை’ என்று, நொந்து போயிருக்கும் ஒரு தாயிடம் யாராவது சொன்னால், அவருக்கு இந்தக் கதையைத்தான் வாசித்துக் காட்ட வேண்டும்.

ஏசாயா போட்ட கணக்கு

கேட்டது கிடைப்பதற்கான விலை அல்ல உபவாசம் என்றால், பின் எதற்கு? பழைய ஏற்பாட்டில் ஏசாயா 58-ம் அதிகாரம் இதற்கு நேரடியாகவே பதில் சொல்கிறது. ஜனங்கள் கடவுளிடமே சண்டைக்கு வருகிறார்கள்: நாங்கள் பட்டினி கிடக்கிறோம், நீர் கண்டுகொள்ளவில்லையே! பதில் சூடாக வருகிறது. உபவாச நாளிலும் வேலைக்காரர்களைக் கசக்கிப் பிழிகிறீர்கள், சண்டை போடுகிறீர்கள். பசித்தவனுக்கு உன் சாப்பாட்டைப் பகிர்ந்து கொடு, வீடில்லாதவனை உள்ளே சேர்த்துக்கொள், ஒடுக்கப்பட்டவனை விடுவி. நான் விரும்பும் உபவாசம் இதுதான் என்கிறார் கடவுள்.

ஆதி கிறிஸ்தவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். இரண்டாம் நூற்றாண்டில் ஏதென்ஸைச் சேர்ந்த அரிஸ்டைட்ஸ், கிறிஸ்தவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று ரோமப் பேரரசருக்கு எழுதினார். தங்களில் ஓர் ஏழைக்கு உணவில்லை, கொடுக்கத் தங்களிடமும் மிச்சமில்லை என்றால், இரண்டு மூன்று நாள் தாங்கள் பட்டினி இருந்து அந்த உணவை அவருக்குக் கொடுத்துவிடுவார்கள் என்கிறார். அதே நூற்றாண்டில் ரோமில் எழுதப்பட்ட ‘ஹெர்மாஸின் மேய்ப்பர்’ என்ற நூல் இன்னும் கறாராக இருக்கிறது. உபவாச நாளில் சாப்பிட்டிருந்தால் எவ்வளவு செலவாகியிருக்கும் என்று கணக்குப் போட்டு, அந்தத் தொகையை விதவைக்கோ, ஆதரவற்ற பிள்ளைக்கோ கொடுத்துவிட வேண்டுமாம். மளிகைக் கணக்கு எழுதும் வீட்டுக்குச் சட்டென்று புரிகிற வழி இது.

இந்தக் கணக்கு நின்றுபோகவில்லை. ஜெர்மனியின் கத்தோலிக்கர்கள் 1958-ல் தொடங்கிய ‘மிசெரியோர்’ அமைப்பு, தவக்காலக் காணிக்கையைப் பசிக்கும் நோய்க்கும் எதிராகச் செலவிடுவதற்கென்றே பிறந்தது. உபவாசம் இல்லாமலேயே இதைச் செய்பவர்களும் உண்டு. மிசோரம் பெண்கள் 1910-ல் ஒரு பழக்கத்தைத் தொடங்கினார்கள். ஒவ்வொரு முறை உலை வைக்கும்போதும் சபைக்கென்று ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பது. இன்றும் அது தொடர்கிறது. நம் ஊரிலும் சில சபைகளில் லெந்து காலத்தில் பிள்ளைகள் கையில் சின்ன உண்டியலைக் கொடுத்துவிடுவார்கள். மிட்டாய்க் காசு அதில் விழும்.

மறுபக்கமும் இருக்கிறது. கத்தோலிக்க விதிப்படி தவக்கால வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி கூடாது, மீனுக்குத் தடையில்லை. விதியை மீறாமல், ஆட்டுக்கறியைவிட விலை கூடிய வஞ்சிரத்தை வாங்கி வறுத்துச் சாப்பிடுவதும் நடக்கத்தான் செய்கிறது. இன்னொரு வேடிக்கை. உபவாசம் இருப்பது பிறருக்குத் தெரியக் கூடாது, முகத்தைக் கழுவிக்கொள்ளுங்கள் என்று இயேசு சொன்ன பகுதிதான் சாம்பல் புதன் திருப்பலியில் வாசிக்கப்படுகிறது. அதைக் கேட்டுவிட்டு, நெற்றிச் சாம்பலோடு செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸில் போடுபவர்களும் இருக்கிறார்கள்.

மாத்திரையை நிறுத்தாதீர்கள்

வீட்டில் பெரியவர்கள் உபவாசம் இருந்தால் பிள்ளைகள் கவனிக்க வேண்டிய இடம் இது. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுபவர்களும், சில வகை மாத்திரை எடுப்பவர்களும் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை அளவு திடீரென்று இறங்கி, வியர்த்து, கை நடுங்கி மயக்கம் வரலாம். அதற்குப் பயந்து மருந்தையே தாங்களாக நிறுத்துவதும் ஆபத்துதான். டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். பங்குனி வெயிலில் தண்ணீரும் குடிக்காமல் இருப்பது நல்ல உடம்பையே சாய்த்துவிடும்.

திருச்சபை இதில் பிடிவாதமாக இல்லை. கத்தோலிக்கர்களுக்குக் கட்டாய நோன்பு சாம்பல் புதன், புனித வெள்ளி என இரண்டே நாள்கள். அதுவும் 18 முதல் 59 வயது வரை உள்ளவர்களுக்குத்தான். ஒரு வேளை முழுச் சாப்பாடு, மற்ற இரு வேளையும் கொஞ்சம் சாப்பிடலாம். நோயாளிக்கும் கர்ப்பிணிக்கும் கட்டாயமில்லை. புயலில் சிக்கிய கப்பலில் 14 நாள்களாகச் சரியாகச் சாப்பிடாமல் தவித்தவர்களிடம், சாப்பிடுங்கள், உயிர் பிழைக்க அது வேண்டும் என்று வற்புறுத்தியவர் புனித பவுல். அவரே முதலில் அப்பத்தை எடுத்து, நன்றி சொல்லி, எல்லோர் முன்னிலையிலும் சாப்பிட ஆரம்பித்தார்.

புனித வெள்ளியன்று பகல் 12 மணிக்குத் தொடங்கும் மும்மணி ஆராதனை 3 மணிக்கு முடியும். வெறும் வயிற்றோடு இருந்தவர்களுக்காகப் பல ஊர்க் கோயில்களில் வெளியே பெரிய அண்டாவில் கஞ்சி காத்திருக்கும். தொட்டுக்கொள்ளத் துவையலோ ஊறுகாயோ இருக்கும். கோயிலுக்குள் வராதவர்களும், அந்தப் பக்கமாகப் போகிறவர்களும்கூட வரிசையில் நிற்பார்கள். யார் உபவாசம் இருந்தார்கள், யார் இல்லை என்று அங்கே யாரும் கேட்பதில்லை.