காற்றின் கண்

சாளரத்தைக் குறிக்கும் 'விண்டோ' என்னும் ஆங்கிலச் சொல்லை இன்று பகுத்துப் பார்ப்பவர் அரியர். ஆயினும் அஃது இரு சொற்கள் இணைந்து பிறந்த கூட்டுச்சொல்லாகும்.

இதன் தாயகம் இங்கிலாந்து அன்று, ஸ்காண்டிநேவியா. அங்கு வழங்கிய பழைய நார்சு மொழியில் 'விண்ட்' என்பது காற்றையும் 'அவுகா' என்பது கண்ணையும் குறித்தன. இரண்டும் சேர்ந்த 'விண்டவுகா' காற்றின் கண் எனப் பொருள்பட்டது. அக்கால மரவீடுகளின் நடுவே அடுப்பு எரிந்தது. புகை வெளியேறவும் ஒளி புகவும் சிறு திறப்புகள் விடப்பட்டன. அவற்றில் கண்ணாடி இல்லை. காற்று தடையின்றி உலவியது. அவ்வாழ்க்கையே இப்பெயரில் பதிந்துள்ளது.

கி.பி. 793இல் லிண்டிசுபார்ன் மடத்தைத் தாக்கிய வைக்கிங்குகள், ஒன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறினர். பகைவராய் வந்தோர் அண்டை வீட்டாராயினர். அவர்தம் சொற்களும் ஆங்கிலத்தில் கலந்தன. பதின்மூன்றாம் நூற்றாண்டு ஆங்கில நூல்களில் 'விண்டோ' இடம்பெறுகிறது.

அதற்குமுன் ஆங்கிலேயர் சாளரத்தைக் கண்துளை என்னும் பொருளுடைய தம் சொல்லாலேயே அழைத்தனர். அச்சொல் வழக்கொழிந்தது. எனினும் அதில் துளையைக் குறித்த 'திர்ல்' என்னும் உறுப்பு, மூக்குத்துளையைக் குறிக்கும் 'நாஸ்ட்ரில்' என்னும் சொல்லின் ஈற்றில் இன்றும் உயிர்வாழ்கிறது. செருமானியரோ இலத்தீனின் 'ஃபெனெஸ்ட்ரா'வைக் கடன்பெற்று 'ஃபென்ஸ்டர்' என்றனர். நார்வேயில் 'விண்டு' என்னும் வடிவம் நிலைத்தது.

ஆங்கிலத்தோடு உறவில்லாத தமிழிலும் இத்தகைய சிந்தனை மலர்ந்துள்ளமை வியப்பிற்குரியது. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. காற்று வரும் வழியே 'காலதர்' ஆயிற்று. பல கண்களை உடையது 'பலகணி'. மானின் கண்போன்ற காலதர்கள் அமைந்த மாளிகைகள் புகாரில் விளங்கியதைச் சிலப்பதிகாரம் சுட்டுகிறது. வடபுலத்தார் ஒரே சொல்லில் இணைத்த காற்றையும் கண்ணையும் தமிழர் இருவேறு சொற்களில் அமைத்தனர். ஆனால், நாம் இன்று மிகுதியாக வழங்கும் 'சன்னல்' போர்ச்சுகீசிய மொழியிலிருந்து வந்ததாகும்.

கடன்பெற்ற சொல் வேரூன்றுவதும் சொந்தச் சொல் மறைவதும் மொழிகளுக்குப் பொதுவான இயல்பே. ஆங்கிலேயரின் கண்துளை வழக்கிலிருந்து மறைந்தது. காலதரும் பலகணியும் நம் இலக்கியத்தில் உள்ளன. அவற்றை வழக்கிற்குக் கொணர்வது நம் கையில் உள்ளது.