வணிகரும் விடுதியும்

கொழும்பு வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் புடைவைக் கடை நடத்துவோர்க்குச் சென்னைப் பயணம் புதிதன்று. 1914ஆம் ஆண்டு முதல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்குமிடையே கப்பல் ஓடிற்று. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடித் துறை அழிந்தது. இன்று விமானம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் கொண்டுசேர்க்கின்றது. பயணம் எளிதாயிற்று, தங்குமிடந்தான் இன்னும் விசாரித்தறிய வேண்டியதாயுள்ளது.

நடுத்தர விடுதியை நாடும் வணிகர் மூன்று செய்திகளைக் கேட்டறிதல் நலம். முதலாவது, அயல்நாட்டவரை ஏற்பார்களா என்பது. அயல்நாட்டவர் வந்து தங்கினால் 24 மணி நேரத்திற்குள் அதிகாரிகளுக்கு அறிவித்தல் வேண்டும் என்பது இந்திய விதி. கடவுச்சீட்டைக் கண்டதும் சில சிறு விடுதிகள் ‘அறை இல்லை’ என்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். மொழி ஒன்றாயினும் சட்டத்தின் கண்ணுக்கு நாம் அயலாரே. கையிற் பணத்தோடு நள்ளிரவில் இம்மறுமொழியைக் கேட்பது பெருந்துன்பம்.

இரண்டாவது, நாட்கணக்கு. சில விடுதிகளில் நுழைந்த வேளையிலிருந்து 24 மணி நேரம் ஒரு நாள். வேறு சிலவற்றில் நண்பகலோடு நாள் முடியும். விடியற்காலையில் வந்திறங்குவோர் இதனை அறியாவிடின், ஓரிரவுக்கு இருநாள் வாடகை கொடுக்க நேரும்.

மூன்றாவது, சரக்கு. தியாகராய நகரிலும் சௌகார்பேட்டையிலும் வாங்கிய புடைவைக் கட்டுகளைப் பெற்றுவைப்பார் உண்டா? அறையை விட்டபின்பும் விமான நேரம்வரை அவற்றைக் காப்பார்களா?

கட்டிலின் மென்மை உல்லாசப் பயணிக்குப் பெரிது. வணிகருக்கோ அறையே கிட்டங்கி. அதுவே கணக்கெழுதும் இடமுமாம். ஆதலால் இம்மூன்றுக்கும் விடையைப் புறப்படுமுன்பே எழுத்திற் பெற்றுக்கொள்க.