ஒன்பது விமானங்களும் ஒரு பார்வைக்கோடும்

2024 அக்டோபர் 6ஆம் தேதி சென்னை மெரினாவில் நடைபெற்ற விமானப்படைக் காட்சியில், அதாவது அன்று திரண்ட பெருங்கூட்டத்தில் ஐவர் உயிரிழந்ததால் பின்னர் வேறு விதமாகப் பேசப்பட்ட அதே காட்சியில், 'சூர்ய கிரண்' என்னும் ஒன்பது விமானச் சாகசக் குழு பறந்ததைக் கண்ட வாசகர் ஒருவர், இறக்கைகள் உரசுமளவுக்கு நெருங்கிப் பறக்கும் அவ்விமானங்கள் மோதிக்கொள்ளாமல் இருப்பதற்குக் கணிப்பொறி காரணமா, விமானிகளின் அசாத்தியத் துணிச்சல் காரணமா என்று வினவியிருக்கிறார். இரண்டும் அல்ல. துணிச்சல் என்பது வர்ணனையாளர்களுக்குப் பிரியமான விளக்கம். ஆனால் துணிச்சலை மட்டும் நம்பி ஐந்து மீட்டர் இடைவெளியில் ஒருவர் பறப்பாரானால், அவருடைய சாகசம் முதல் வளைவோடு முடிந்துவிடும்.

சரித்திரத்தை ஒரு பத்தியில் முடித்துவிடலாம். 1982இல் விமானப்படையின் பொன்விழாவை ஒட்டி, ஹன்டர் விமானங்களைக் கொண்டு 'தண்டர்போல்ட்ஸ்' என்ற குழு அமைந்தது. அது கலைந்து சில ஆண்டுகள் கழிந்தபின், 1996இல், கர்நாடகத்தின் பீதர் விமானத் தளத்தில் உள்நாட்டுத் தயாரிப்பான கிரண் பயிற்சி விமானங்களோடு சூர்ய கிரண் தோன்றி, அவ்வாண்டு செப்டம்பரிலேயே கோயம்புத்தூரில், விமானப்படை நிர்வாகக் கல்லூரியின் பொன்விழாவில், மக்கள் முன் பறந்தது. பயிற்சிக்கு விமானங்கள் போதாமற்போகவே 2011இல் நிறுத்தப்பட்ட குழு, 2015இல் ஹாக் விமானங்களோடு மீண்டது. இனி விஷயத்துக்கு வருவோம்.

அணியின் முன்னே பறக்கும் தலைவருக்குப் பக்கத்தில் பறக்கும் விமானி, நாம் நினைப்பதுபோல் முன்னால் பார்ப்பதில்லை. வானத்தையோ பூமியையோ தம் கருவிகளையோ பெரும்பாலும் பார்ப்பதில்லை. அவர் கண் தலைவரின் விமானத்திலேயே நிலைத்திருக்கிறது. அங்கே வெவ்வேறு தூரத்திலுள்ள இரண்டு அடையாளங்கள், இறக்கை நுனியும் உடற்பகுதியில் ஒரு குறியும் என்று வைத்துக்கொள்வோம், அவருக்கு ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியவேண்டும். அப்படித் தெரிந்தால் அவர் ஒரு குறிப்பிட்ட நேர்கோட்டின்மேல் இருக்கிறார்; அக்கோட்டில் எவ்வளவு தூரத்தில் என்பதை வேறோர் அடையாள ஜோடி தருகிறது; இரண்டு கோடுகளும் சந்திக்கும் புள்ளியே அவருடைய ஸ்தானம்.

இந்த யுக்தி எவ்வளவு நுட்பமானது என்பதை ஒரு சிறு கணக்கால் அறியலாம். அருகிலுள்ள அடையாளம் 10 மீட்டரிலும் தொலைவிலுள்ளது 15 மீட்டரிலும் இருப்பதாகக் கொண்டால், விமானி பக்கவாட்டில் 30 சென்டிமீட்டர் விலகிய மாத்திரத்தில் அவ்விரண்டும் ஒன்றைவிட்டொன்று முழுநிலவின் அகலத்துக்கும் சற்று அதிகமாகவே பிரிந்து தோன்றும். ஒரு சென்டிமீட்டர் விலகல்கூட, கொள்கையளவில், நல்ல கண்ணின் எல்லைக்குள் அடங்கும். தூரத்தை மதிப்பிடுவதில் நம் கண் சோம்பேறி; இரண்டு குறிகள் நேராக இருக்கின்றனவா என்று சொல்வதிலோ மகாநிபுணன். நம் கரையோர மீனவர்கள், நீருக்கடியிலுள்ள பாறைத்திட்டை, கோபுரத்தை மலையோடும் கலங்கரை விளக்கத்தைப் பனைமரத்தோடும் நேர்படுத்திக் கண்டுபிடிப்பது இதே வித்தைதான். ஆனால் இங்கே கோபுரம் மணிக்குச் சில நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓட, பனைமரம் தலைகீழாகப் புரள, கரையே எழும்பிக் கடலுக்குமேல் வந்து நிற்க, மீனவரோ இவற்றில் எதையும் பொருட்படுத்தாமல், கோபுரம் மலையை மறைக்கிறதா என்பதொன்றையே கவனித்துக்கொண்டு, தம் கட்டுமரத்தையும் கூடவே கவிழ்த்து ஓட்டவேண்டியிருக்கிறது.

ஒவ்வொருவரும் தமக்கு அடுத்தவரை மட்டும் பின்பற்றினால் வேறோர் உபத்திரவம் உண்டு. முதலாமவரின் சிறு தடுமாற்றத்தை இரண்டாமவர் சற்றுத் தாமதமாக உணர்ந்து சற்று மிகையாகத் திருத்த, மூன்றாமவர் அந்த மிகையை மேலும் மிகையாக்க, கடைசி விமானம் ஊஞ்சலாடத் தொடங்கிவிடும். ஆகையால் அண்டை விமானத்தைக் கண்ணில் வைத்திருந்தாலும், இயன்றவரை ஆதாரம் தலைவரே. அவருடைய பிரதான குணம் வீரமன்று, நிதானம். ஒவ்வோர் அசைவையும் வானொலியில் முன்கூட்டிச் சொல்கிறார். இயந்திரத்தின் முழு வலுவையும் அவர் பயன்படுத்துவதில்லை, ஏனெனில் வளைவின் வெளிப்புறத்தில் இருப்பவர் அதே நேரத்தில் அதிக தூரம் பறந்தாகவேண்டும், அதற்கு வலு மிச்சம் வேண்டும்.

இந்த ஏற்பாட்டின் விலையும் பெரிது. 1982 ஜனவரியில் அமெரிக்காவின் நெவாடாவில் 'தண்டர்பேர்ட்ஸ்' குழுவின் நான்கு விமானங்கள் பயிற்சியில் வட்டமிட்டு இறங்குகையில், தலைவரின் விமானத்தில் கட்டுப்பாடு சிக்கிக்கொண்டு அது மேலெழும்பாமற்போக, மற்ற மூவரும் அதனோடு சற்றும் பிசகாத வரிசையிலேயே தரையில் மோதி மாண்டனர். பார்வைக்கோடு கடைசிவரை நேராகவே இருந்தது. நேராக இருந்ததே நாசமாயிற்று. 2019 பிப்ரவரியில் பெங்களூருக்கருகே சூர்ய கிரணின் இரண்டு விமானங்கள் ஒத்திகையில் மோதி ஒரு விமானி உயிரிழந்ததும், இக்கலையில் பிழைக்கு இடம் எவ்வளவு குறைவு என்பதையே காட்டுகிறது.

இத்தகைய காட்சிகள் போர்த்திறனின் நிரூபணம் என்று ஒலிபெருக்கியில் முழங்குவதை அப்படியே ஏற்கவேண்டியதில்லை. ஐந்து மீட்டர் இடைவெளியில் எவரும் சண்டையிடுவதில்லை. கருவிகள் பழுதான விமானத்தை, மேகத்தினூடே மற்றொரு விமானத்தின் பக்கத்தில் ஒட்டவைத்துப் பத்திரமாக இறக்குவதற்கு இப்பழக்கம் உதவுகிறது. அந்த அளவில் அது மெய்யான கல்வி. அடுத்த முறை காட்சிக்குப் போகும் வாசகர், வண்ணப் புகையையும் வானில் வரையும் இதய வடிவத்தையும் மற்றவர்களுக்கு விட்டுவிட்டு, அணி வளையும்போது வெளிக்கோடியிலுள்ள விமானத்தை மட்டும் கவனிப்பாராக. அது லேசாக முன்னும் பின்னும் அசைந்து நிலைகொள்வது, ஒரு மனிதன் இரண்டு குறிகளை மீண்டும் மீண்டும் நேர்படுத்திக்கொள்ளும் வேலை.