உங்களுக்குத் தெரியுமா? குழந்தையின் மெத்தைக்குள் தீத்தடுப்பு ரசாயனம்!

மெத்தை, சோஃபாவுக்குள் இருக்கும் ஃபோம் எளிதில் தீப்பற்றும். அதனால் 1975-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம், இருக்கைகளின் ஃபோம் சிறு தீச்சுடரை 12 விநாடி தாங்க வேண்டும் என்று விதித்தது. நிறுவனங்கள் ஃபோமில் தீத்தடுப்பு ரசாயனங்களைக் கலந்தன. கைக்குழந்தைப் பொருள்களையும் அவை விட்டுவைக்கவில்லை.

இந்த ரசாயனங்களில் பல, ஃபோமோடு வேதியியல் பிணைப்பு கொள்ளாதவை. மெல்ல வெளியேறி வீட்டுத் தூசியில் படியும். தரையில் தவழ்ந்து, கையை வாயில் வைக்கும் பிள்ளைதான் பெரியவர்களைவிட அதிகம் உட்கொள்ளும்.

‘குளோரின் டிரிஸ்’ என்ற ரசாயனத்தின் கதை வேதனையானது. 1970-களின் இறுதியில், மரபணுவைப் பாதிக்கும் என்ற அச்சத்தால் குழந்தைகளின் இரவு உடைகளிலிருந்து அது விலக்கப்பட்டது. 2011-இல் 101 குழந்தைப் பொருள்களின் ஃபோமை ஆராய்ந்தபோது அதிகம் தென்பட்டதும் அதே ரசாயனம்தான்! உடையில் ஆகாதது தலையணையில் எப்படி ஆகும்?

2013-இல் கலிஃபோர்னியா அந்தச் சுடர்ச் சோதனையைக் கைவிட்டது. 2020 முதல் அங்கு புதிய மெத்தை, சோஃபா, குழந்தைப் பொருள்களில் இவ்வகை ரசாயனங்களுக்குக் கடுமையான வரம்பு வந்துவிட்டது.

வீட்டில் செய்யக்கூடியது: உறை கிழிந்து ஃபோம் தெரியும் மெத்தையைக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். படுக்கையறையைப் பெருக்கித் தூசியைக் கிளப்புவதைவிட ஈரத்துணியால் துடையுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். முக்கியமாக, சாப்பிடும் முன் பிள்ளையின் கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.