படகு மூழ்காதிருக்க கிரீஸ்!

நம் பிள்ளைகள் சிலருக்கு ரிமோட் படகு என்றால் உயிர். பேட்டரியைச் சார்ஜ் செய்வதில் காட்டும் அக்கறையை, மோட்டாரையும் புரொபெல்லரையும் இணைக்கும் ஷாஃப்டுக்கு யாரும் காட்டுவதில்லை. படகுக்குள் தண்ணீர் நுழையும் முக்கிய வழியே அதுதான்.

வேகப் படகுகள் பலவற்றில் இந்த ஷாஃப்ட், முறுக்கிய எஃகுக் கம்பிகளால் ஆனது. ஒரு குழாய்க்குள் சுழலும். குழாயின் ஒரு முனை வெளியே தண்ணீரில், மறுமுனை படகுக்குள். நடுவே தண்ணீரைத் தடுப்பது கிரீஸ்தான். அது தீர்ந்தால் ஷாஃப்ட் சூடேறும். பேட்டரி சீக்கிரம் இறங்கும். தண்ணீர் ஏறி ரிசீவரைக் கெடுக்கும்.

படகு ஓட்டிய அன்றே நான் செய்வது இது: புரொபெல்லர் திடீரென்று சுற்றாமலிருக்க, முதலில் பேட்டரியைக் கழற்றிவிடுவேன். பிறகு திருகைத் தளர்த்தி, ஷாஃப்டைப் பின்பக்கமாக உருவித் துடைப்பேன். குழாய் உலர்ந்ததும், ஷாஃப்ட் முழுவதும் தண்ணீரில் கரையாத மரைன் கிரீஸைத் தடவி, சுழற்றியபடியே உள்ளே செலுத்துவேன். தையல் மெஷின் எண்ணெய் போதாது; சீக்கிரம் கழுவிப் போய்விடும்.

பூட்டும்போது ஒரு நுணுக்கம் உண்டு. வேகத்தில் கம்பி முறுக்கேறிச் சற்றுக் குறுகும். ஆகவே புரொபெல்லருக்கு முன்னுள்ள பூட்டுக்கும் தாங்கிக்கும் இடையே 2 அல்லது 3 மி.மீ. இடைவெளி விடவேண்டும். இல்லையேல் இரண்டும் உரசித் தேயும்.

கடலில் ஓட்டுபவர்கள், ஷாஃப்டை நல்ல தண்ணீரில் கழுவிய பின்பே துடைக்கவும். உப்பு தங்கினால் துரு நிச்சயம். கம்பி பிரிந்திருந்தால் புதிது மாற்றிவிடுங்கள்.

கொஞ்ச நேர வேலைதான். பிள்ளைகளையே செய்யச் சொல்லிப் பக்கத்தில் இருங்கள். பொருளைப் பேணும் பழக்கமும் கூடவே வரும்.