தோல் புற்றுநோய் அறுவை சிகிச்சை: நோயாளிகள் எதை எதிர்பார்க்கலாம்?

தோல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையே முதன்மையான மருத்துவம். தொடக்க நிலையில் கண்டறியப்பட்டால் பெரும்பாலானோர் அதன் மூலமே குணமடைகின்றனர். ஆனால், கட்டி அகற்றப்பட்டதும் சிகிச்சை முடிந்துவிட்டதாக எண்ணி, ஆய்வக அறிக்கையைப் பெறாமலேயே இருந்துவிடுவது ஆபத்தானது.

இந்தியாவில் காரணங்கள்

தோலில் உள்ள மெலனின் நிறமி ஓரளவு பாதுகாப்பு அளிப்பதால், வெளிர்நிறத் தோல் கொண்டவர்களைவிட இந்தியர்களிடம் இந்நோய் குறைவாகவே காணப்படுகிறது. எனினும், வெயில் மட்டுமே இதற்குக் காரணமன்று. காஷ்மீரில் தணல் நிரப்பிய ‘காங்கிரி’ எனும் மண்சட்டியை நீண்ட அங்கிக்குள் வைத்துக் குளிர்காயும் வழக்கம் உண்டு. பல ஆண்டுகள் படும் அந்த வெப்பத்தால் தொடையிலும் அடிவயிற்றிலும் தோன்றும் புற்றுநோய், ‘காங்கிரி புற்றுநோய்’ என்றே மருத்துவ நூல்களில் குறிப்பிடப்படுகிறது.

பழைய தீக்காயத் தழும்பிலும், நாள்பட்ட புண்ணிலும் புற்றுநோய் உருவாகலாம். கடுமையான வகையான மெலனோமா, இந்தியர்களிடம் உள்ளங்காலிலும் நகத்தின் அடியிலும் தோன்றுவது உண்டு. அதை ஆணிக்கால் என்றோ, அடிபட்ட கறை என்றோ கருதிப் பலர் காலம் கடத்திவிடுகின்றனர்.

முதலில் பயாப்ஸி

சந்தேகத்துக்குரிய இடத்திலிருந்து சிறிதளவு திசு எடுக்கப்பட்டுப் பரிசோதிக்கப்படும். கத்தி பட்டால் புற்றுநோய் பரவிவிடும் என்ற அச்சத்துக்கு மருத்துவ அடிப்படை இல்லை. நோயின் வகையும் ஆழமும் தெரிந்த பிறகே அறுவை சிகிச்சை திட்டமிடப்படுகிறது.

கட்டியைவிடக் காயம் பெரிதாக இருப்பது ஏன்?

புற்றணுக்கள் கண்ணுக்குத் தெரியும் எல்லையைத் தாண்டியும் பரவியிருக்கக்கூடும். எனவே, கட்டியைச் சுற்றியுள்ள இயல்பான தோலும் சேர்த்தே அகற்றப்படுகிறது. அபாயம் குறைந்த அடித்தள செல் புற்றுநோய்க்குப் பொதுவாக 4 மி.மீ. அளவும், மெலனோமாவுக்கு அதன் ஆழத்தைப் பொறுத்து 2 செ.மீ. வரையும் கூடுதல் தோல் அகற்றப்படும்.

கண், மூக்கு, உதடு போன்ற இடங்களில் ‘மோஸ்’ முறை பயன்படுகிறது. இதில் தோல் அடுக்கடுக்காக அகற்றப்பட்டு, ஒவ்வோர் அடுக்கும் உடனுக்குடன் நுண்ணோக்கியில் ஆராயப்படுகிறது. இவ்வசதி இந்தியாவில் சில மருத்துவமனைகளில் மட்டுமே உள்ளது.

அறுவை சிகிச்சை நாளில்

சிறிய கட்டிகளுக்கு அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்யும் ஊசி போதுமானது. ஊசி போடும்போது எரிச்சல் இருக்கும். பிறகு வலி தெரியாது. பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். நீரிழிவு நோய் இருந்தாலோ, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை உட்கொண்டாலோ மருத்துவரிடம் முன்பே தெரிவிக்க வேண்டும். மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது.

சிறிய காயத்துக்குத் தையல் போடப்படும். பெரிய காயமாயின், அருகிலுள்ள தோலை நகர்த்தியோ, தொடை போன்ற இடத்திலிருந்து தோலை எடுத்து ஒட்டியோ மூடுவர். அவ்வாறு எடுக்கப்பட்ட இடமும் ஆறவேண்டிய புண்ணே என்பதை நோயாளி முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

அறிக்கையே முடிவு சொல்லும்

அகற்றப்பட்ட திசுவின் விளிம்பில் புற்றணுக்கள் இல்லை என ஆய்வகம் உறுதிசெய்தால்தான் அறுவை சிகிச்சை நிறைவடைந்ததாகப் பொருள். அவை எஞ்சியிருந்தால் மீண்டும் அறுவை சிகிச்சையோ, கதிர்வீச்சுச் சிகிச்சையோ தேவைப்படலாம். இதனை முதல் சிகிச்சையின் தோல்வியாகக் கருத வேண்டியதில்லை. சில வகைகளில் அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் உள்ள நிணநீர் முடிச்சுகளும் பரிசோதிக்கப்படும்.

காயம் ஆறும் காலம்

முகத்தில் போடப்பட்ட தையல் பொதுவாக ஒரு வாரத்திலும், கை, கால், முதுகில் 10 முதல் 14 நாள்களிலும் பிரிக்கப்படும். ரத்தம் கசிந்தால் சுத்தமான துணியால் 20 நிமிடங்கள் இடைவிடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். கசிவு நிற்காவிட்டாலோ, காய்ச்சல், சீழ், அதிகரிக்கும் வலி ஆகியவை தோன்றினாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தழும்பு மங்க ஓராண்டு வரை ஆகலாம்.

தொடர் கண்காணிப்பு

ஒருமுறை தோல் புற்றுநோய் வந்தவருக்கு, அதே இடத்திலோ வேறு இடத்திலோ அது மீண்டும் வரும் வாய்ப்பு அதிகம். எனவே, மருத்துவர் குறித்த நாள்களில் பரிசோதனைக்குச் செல்வதுடன், மாதம் ஒருமுறை உள்ளங்கால் உட்பட உடல் முழுவதையும் தாமே பார்த்துக்கொள்வது அவசியம். சில வாரங்களாகியும் ஆறாத புண்ணையும், வடிவமோ நிறமோ மாறும் மச்சத்தையும் தாமதமின்றி மருத்துவரிடம் காட்ட வேண்டும்.